மழைக்கு முன்னாடி மாத்தின ஜன்னல்

2025 மே 24, நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க டோம்பிவிலி வீட்டுக்கு நாலு ஜன்னலும் புதுசா மாட்டி முடிச்சாச்சு. வெள்ளை வெளேர்னு யூபிவிசி ஃப்ரேம், கண்ணாடி ஷட்டர் ரெண்டு, கொசு வலை ஷட்டர் ஒண்ணு. ஒரு விரலால தள்ளினா போதும், சத்தமே இல்லாம நகருது. தங்கமணி மூணு தடவை தள்ளிப் பார்த்துட்டு, "இத்தனை வருஷம் அந்த அலுமினிய சனியனோட மல்லுக்கட்டினோமே"ன்னாங்க. நான் பெருமையா பாக்கி இருபதாயிரத்தை எடுத்துக் குடுத்தேன். மாட்டின பசங்க ரெண்டு பேரும் மறுநாள் ஊருக்கு ரயில் ஏறணும், கூலி செட்டில் பண்ணணும்னு ஃபேப்ரிகேட்டர் சொன்னாரு. பாவம், நல்லா வேலை செஞ்ச பசங்கன்னு ஆளுக்கு இருநூறு ரூபா டிப்ஸ் வேற.

சரியா ரெண்டே நாள். 26-ம் தேதி திங்கட்கிழமை பம்பாய்க்கு பருவமழை வந்துடுச்சுன்னு வானிலைக்காரங்க அறிவிச்சாங்க. வழக்கமா ஜூன் 11 வாக்குல வர்றது, பதினாறு நாள் முன்னாடியே வந்துடுச்சு. 1950-லேர்ந்து இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையாம். புதுசா திறந்த பாதாள மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ளயே தண்ணி புகுந்த நாள் அது. அப்படிப்பட்ட நாள்ல என் வீட்டு ஜன்னல் எம்மாத்திரம்?

காலைல ஆறு மணிக்கு அம்மா வந்து எழுப்பினாங்க. "தம்பி, என் ரூம்ல ஜன்னல் அழுவுது, வந்து பாரு."

போய்ப் பார்த்தா உண்மையிலயே அழுதுக்கிட்டு இருந்துச்சு. கீழ் டிராக் முழுக்க தண்ணி ரொம்பி, உள்பக்க விளிம்பைத் தாண்டி சுவர் வழியா வழிஞ்சு, அம்மாவோட மெத்தை ஒரு ஓரம் நனைஞ்சு போச்சு. எங்க பெட்ரூம்லயும், பொண்ணு ரூம்லயும் அதே கதைதான், கொஞ்சம் கம்மி. கிழக்கு பார்த்த ஹால் ஜன்னல் மட்டும் சமர்த்தா இருந்துச்சு. அந்தப் பக்கம் மழையே அடிக்கலைங்கிறது அப்புறம்தான் புரிஞ்சுது.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன் ஜன்னல் மாத்தினோம்னு சொல்லலையே.

எங்க பில்டிங்குக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கப் போறாங்கன்னு சொசைட்டியில முடிவு பண்ணினாங்க. கூடவே, வெளில நீட்டிக்கிட்டு இருக்கிற பாக்ஸ் கிரில்லை எல்லாரும் எடுத்துடணும்னு நோட்டீஸ். பம்பாய்ப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ரெண்டடி நீளத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு, மேல தகரக் கூரை. அதுல துளசித் தொட்டி, காயப்போட்ட துணி, பழைய குக்கர், உடைஞ்ச சைக்கிள், இல்லாத பொருள் கிடையாது. அதை எடுத்தவுடனே ஜன்னல் மொட்டையா நின்னுச்சு. பழைய அலுமினிய ஜன்னல் வேற அங்கங்க தேய்ஞ்சு போயிருந்தது. சரி, ஒரேயடியா மாத்திடலாம்னு இறங்கினோம்.

பதினாலு வருஷமா அந்த ஜன்னல்ல ஒரு சொட்டு தண்ணி வந்ததில்லை. "பழசு நல்லாத்தான் இருந்துச்சு, புதுசுதான் மோசம்"னு நான் ஊரெல்லாம் புலம்பிக்கிட்டு இருந்தேன். உண்மை என்னன்னா, பழைய ஜன்னல் மழையில நனைஞ்சதே இல்லை. அத்தனை வருஷம் காப்பாத்தினது அந்தத் தகரக் கூரை. அதைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டாச்சு.

எங்க ஊர் அம்பாசமுத்திரம். அங்க எங்க வீட்டு ஜன்னல் தேக்கு மரம், உள்ள இரும்புக் கம்பி, மேல ஒண்ணரை அடி சன்ஷேட். ஐப்பசி மழையில கதவு ஊறி இறுகிடும், ஆசாரியைக் கூப்பிட்டா வந்து இழைப்புளியால ரெண்டு இழை இழைச்சுட்டு காப்பி குடிச்சுட்டுப் போவாரு. ஜன்னல் பிரச்சினைன்னா எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஏழாவது மாடி, மேற்கு பார்த்த சுவர், கடல் பக்கத்துலேர்ந்து நேரா வந்து மோதுற காத்து மழை, இதெல்லாம் பி.காம் சிலபஸ்ல இல்லை :-)

ஃபேப்ரிகேட்டருக்கு போன் போட்டேன். "கல் ஆத்தா ஹூம் சாப்"ன்னாரு. நாளைக்கு வர்றேன்னு அர்த்தம். இந்தியில 'கல்'னா நாளைக்குங்கிறதுக்கும் நேத்துங்கிறதுக்கும் ஒரே வார்த்தைங்கிறது எவ்வளவு பொருத்தம்னு அடுத்த அஞ்சு வாரத்துல தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு தடவை ஆள் அனுப்பினாரு. வந்த பையன் ஒரு டியூப் சிலிக்கானை எடுத்து, ஈரத்து மேலயே உள்பக்கம் சுத்திப் பூசிட்டுப் போயிட்டான். அடுத்த மழையில அது தோல் உரியற மாதிரி உரிஞ்சு தொங்குச்சு. ஈரச் சுவர்லயும் தூசியிலயும் சிலிக்கான் ஒட்டாது. அதைவிட முக்கியம், வெளில தண்ணிக்கு வழி விடாம உள்ள அடைச்சா அது வேற எங்கயாவதுதான் போகும். போச்சு. ஜூன் கடைசில ஆறாவது மாடி ஆஜி மேல வந்து, "பாணி யேதய்"னு கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அவங்க ஜன்னலுக்கு மேல சுவர்ல ஒரு முறம் அளவுக்கு ஈரம், பெயின்ட் கொப்புளம். புதுசா பெயின்ட் அடிச்ச வீடு. அவங்க திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. திட்டாம ஒரு எள்ளுருண்டை குடுத்து அனுப்பினாங்க. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்குள்ள அம்மாவோட கட்டிலை ஹாலுக்கு மாத்தியிருந்தோம். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. அப்பா போனப்புறம் இங்க வந்தவங்க. பாஷை தெரியாது, பேச ஆள் கிடையாது. அந்த ஜன்னலோரக் கட்டில்தான் அவங்க ஊர். அங்கேர்ந்து பார்த்தா ஒரு அரச மரமும், தூரத்துல லோக்கல் ரயில் போறதும் தெரியும். கோலப்புத்தகம் வைக்கிற இடம், மாத்திரை டப்பா வைக்கிற இடம் எல்லாம் அந்த ஜன்னல் திட்டுதான். ஹால்ல டி.வி. சத்தம், பொண்ணு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படிப்பு. இதுக்கு நடுவுல அவங்க சுவத்தைப் பார்த்து படுத்துக்கிட்டாங்க. ஒரு நாள், "ஊர்ல போய் இருந்துக்கறேன் தம்பி, உனக்கும் அலைச்சல் கம்மி"ன்னாங்க. ஊர்ல யார் இருக்கா? வீட்டை வித்து எட்டு வருஷம் ஆச்சு.

ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும். பெருமழை. தண்ணி குடிக்க எழுந்தவன் அம்மா ரூம்ல லைட் எரியறதைப் பார்த்துட்டுப் போனேன். அம்மா தரையில உக்காந்து, அப்பாவோட பழைய வேட்டியை டிராக்குல போட்டு ஒத்தி ஒத்தி எடுத்து பக்கெட்ல பிழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கெட்ல பாதி தண்ணி. "கீழ அந்தக் கெழவிக்கு இறங்கிடும்ல, அதான்"னாங்க. தினமும் செய்யறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் காலைல வேலைக்குப் போகணும்னு எழுப்பலையாம். நான் வேட்டியை வாங்கி விடியற வரைக்கும் பிழிஞ்சேன்.

காலைல மச்சானுக்கு வீடியோ கால் போட்டேன். தங்கமணியோட தம்பி, கோயமுத்தூர்ல சிவில் இன்ஜினியர். முன்னாடியே கேட்டிருக்கணும். கேட்டா, "என்ன ரேட்டுக்குப் போட்டீங்க அத்தான்"னு ஆரம்பிப்பான், அதான் தள்ளிப்போட்டேன்.

அவன் சொன்ன முதல் விஷயமே எனக்கு அதிர்ச்சி. ஸ்லைடிங் ஜன்னல் டிராக்குக்குள்ள தண்ணி வர்றது தப்பே இல்லையாம். வரத்தான் செய்யும். வந்த தண்ணி வெளில வடியணும், அதுக்குத்தான் டிராக்குல சின்னச் சின்ன நீள ஓட்டை போட்டிருப்பாங்க. டிராக்லேர்ந்து ஃப்ரேமுக்குள்ள இருக்கிற அறைக்கு இறங்கி, அங்கேர்ந்து வெளிமுகத்துல இருக்கிற ஓட்டை வழியா போகணும். "ஒரு மக் தண்ணி எடுத்து டிராக்குல ஊத்துங்க அத்தான்"னான்.

ஹால் ஜன்னல்ல ஊத்தினேன். சில வினாடில காலி. அம்மா ரூம்ல ஊத்தினேன். கொளம் மாதிரி நின்னுச்சு. போய் பல் தேய்ச்சுட்டு வந்து பார்த்தேன், அப்பவும் நின்னுச்சு.

ஷட்டரைத் தள்ளிட்டு மொபைலை மட்டும் வெளியே நீட்டி போட்டோ எடுத்தோம். வெளிமுக ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல ஒயிட் சிமென்ட் பூச்சு. மாட்டினப்புறம் இடைவெளி அசிங்கமா தெரியுதேன்னு எவனோ அழகா பூசி விட்டிருக்கான், ஓட்டையோட சேர்த்து. அப்புறம் வெளிப்பக்க கிரானைட் பட்டை. மச்சான், "ரசமட்டம் இருக்கா?"ன்னான். நம்ம வீட்டுல ஏது? பொண்ணோட பழைய கோலிக்குண்டை வச்சோம். வெளியே உருள வேண்டியது நம்மளைப் பார்த்து உள்ள உருண்டு வந்துச்சு. வெளியே சாய வேண்டிய பட்டை உள்பக்கம் சாய்ஞ்சிருக்கு. அதாவது மேல விழற மழைத்தண்ணியையெல்லாம் மரியாதையா கூட்டி வந்து என் ஃப்ரேம் அடியில விட்டுக்கிட்டு இருந்துச்சு.

இன்னும் இருக்கு. புது ஃப்ரேம் மேல கீறல் விழாம இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வருமே, அதை உரிக்காமலேயே அதுக்கு மேல சிலிக்கான் அடிச்சிருக்காங்க. சிலிக்கான் தாளைப் பிடிச்சிருக்கு, ஃப்ரேமைப் பிடிக்கலை. நடுவுல தண்ணிக்கு ராஜபாட்டை. அப்புறம் ஃப்ரேமை சுவத்தோட பிடிக்க கீழ் டிராக்குலயே ரெண்டு ஸ்க்ரூ. தலை மேல மூடி கிடையாது, சிலிக்கான் கிடையாது. டிராக்குல நிக்கிற தண்ணி அந்த ஓட்டை வழியா நேரா சுவத்துக்குள்ள இறங்கி ஆஜி வீட்டுக்குப் போயிருக்கு. சுவத்துக்குள்ள இரும்புக் கம்பி இருந்தா அதுவும் துருப்பிடிக்கும்னு மச்சான் வயித்துல புளியைக் கரைச்சான்.

பொண்ணு ரூம்ல ஓட்டையெல்லாம் திறந்துதான் இருந்துச்சு, ஆனாலும் காத்து பலமா அடிக்கிறப்ப தண்ணி உள்ள குதிச்சுது. அதுக்கு அவன் ஒரு கணக்கு சொன்னான். மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா, அந்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் உயரத் தண்ணியைத் தாங்கிப் பிடிச்சுக்கும். வேகம் ரெண்டு மடங்கானா உயரம் நாலு மடங்கு. அப்ப ஓட்டை திறந்திருந்தாலும் தண்ணி வெளில போகாது, காத்து எதிர்ல நின்னு தள்ளும். அதனால டிராக்கோட உள்பக்க விளிம்பு உயரமா இருக்கணும். பம்பாய்ல மேற்கு பார்த்த ஏழாவது மாடிக்கு எந்த டிராக் வேணும்னு கேட்டுத்தான் வாங்கணும். நான் கேட்ட ஒரே கேள்வி, "வெள்ளையா, மரக்கலரா?"

கடைசியா கண்ணாடி. கொட்டேஷன்ல 5 மில்லி டஃபன்ட் கிளாஸ்னு போட்டிருந்தது. டஃபன்ட் கண்ணாடி உடைஞ்சா சின்னச் சின்ன மணியா உதிரும், சாதா கண்ணாடி கத்தி மாதிரி சில்லாகும். டஃபன்ட்னா மூலையில முத்திரை பதிச்சிருக்கும், ஐஎஸ் 2553-ன்னு நம்பரோட. டார்ச் அடிச்சு எட்டு கண்ணாடியையும் தேடினேன். அஞ்சுல இருந்துச்சு. மூணுல இல்லை. அந்த மூணுல ஒண்ணு அம்மா தலைமாட்டுல.

இப்ப நான் ஒரு உண்மையை ஒத்துக்கணும். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். "பக்கா பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சாப், கச்சா பில்னா இதே ரேட்"ன்னாரு. 28,800 ரூபா. பேங்க்ல ஹவுசிங் லோன் கேட்டு வர்றவங்ககிட்ட பில் எங்க, ரசீது எங்க, ஸ்டாம்ப் எங்கன்னு மூக்குக் கண்ணாடி வழியா பார்த்துக் கேக்கற ஆள் நான். என் வீட்டு வேலைக்கு ஒரு கொட்டேஷன் தாள்ல கையெழுத்தோட சரின்னுட்டேன். எண்பதாயிரம் நெஃப்ட், அறுபதாயிரம் யூபிஐ, கடைசி இருபதாயிரம் ரொக்கம். அந்த ரொக்கத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இதை ஒரு கஸ்டமர் செஞ்சிருந்தா நான் என்ன பேச்சு பேசியிருப்பேன்! அந்த 28,800 ஞாபகம் வந்துதான் அஞ்சு வாரமா போன்ல கூட குரலை உசத்தாம இருந்திருக்கேன்னு அப்புறம் யோசிச்சா தெரியுது. சண்டை போட என்கிட்ட காகிதம் இல்லை.

இருந்தாலும் லெட்டர் எழுதினேன். அது ஒண்ணுதான் நமக்கு ஒழுங்கா வரும். கொட்டேஷன் தேதி, பணம் போன தேதி, ஒவ்வொரு ஜன்னலா குறை, போட்டோ நம்பர், பதினஞ்சு நாள் கெடு. இல்லாட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. பில் இல்லாட்டியும் பேங்க் வழியா போன பணத்துக்குத் தடயம் இருக்கு. ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலிங் பெல். அவரேதான். நனைஞ்ச ரெயின்கோட்டோட வாசல்ல நின்னு, "கேஸ் கரோகே கியா சாப்?"னு கேட்டாரு. கோவமா இல்லை, பயந்துபோய்க் கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா டீ போடச் சொல்லிட்டு, அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் பக்கெட்டையும் வேட்டியையும் காட்டினாங்க. தமிழ்லயே பேசினாங்க. "ராத்திரி பூரா இதான் வேலை, பாரு." அவர் என்ன புரிஞ்சுக்கிட்டாரோ, டிராக்குக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு கட்டில்ல உக்காந்துட்டாரு.

அப்புறம் சொன்னாரு. கிரில் எடுத்ததால எங்க பில்டிங்லயும் பக்கத்துலயுமா ஒரே மாசத்துல பதினோரு வீட்டு வேலை. அவருக்கு லாபம் புரொஃபைல்லயும் கண்ணாடியிலயும். மாட்டுற வேலையை சதுர அடிக்கு இவ்வளவுன்னு வேற கோஷ்டிக்கு விட்டுட்டாரு. அந்தப் பசங்க மழை வர்றதுக்குள்ள முடிச்சுட்டு ஊருக்குப் போகணும்னு ஓடியிருக்காங்க. சதுர அடிக் கூலியில ரசமட்டம் வச்சுப் பார்க்க யாருக்கு நேரம்? கண்ணாடிக்கு மட்டும் அவர்கிட்ட சரியான பதில் இல்லை. "ஸ்டாக் கம்மியா இருந்துச்சு"ன்னாரு. அதுக்கு மட்டும் நான் கத்தினேன்.

கிரானைட் பட்டை பத்தி பேச்சு வந்தப்ப அவர் கொட்டேஷனை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினாரு. 'சிவில் வேலை தனி'. என் கையெழுத்துக்கு நேர் மேல. லோன் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்கன்னு தினம் நாலு பேர்கிட்ட சொல்றவன் நான்.

மழைக்காலத்துல தற்காலிகமா வெளி ஓட்டைகளைத் திறந்து, ஸ்க்ரூவுக்கு சீல் வச்சு, மேல ஒரு தாட்பத்ரி கட்டிட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து பக்கெட் தேவைப்படலை. ஆனா அம்மா கட்டிலை ரூமுக்கு மாத்த ஒத்துக்கலை, "முழுசா சரியாகட்டும்"னாங்க. முழு வேலை நவம்பர் 8, ரெண்டாவது சனிக்கிழமை. இந்தத் தடவை காலைலேர்ந்து நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்தேன். தாளை உரிச்சுட்டு, சுவத்தைத் துடைச்சு, காஞ்சிருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டுத்தான் சிலிக்கான். பட்டையைப் பேர்த்து வெளியே சாய்ச்சு வச்சதுக்கு கொத்தனாருக்கு 4,500 ரூபா என் செலவு. மூணு கண்ணாடியும் முத்திரையோட அவர் செலவு. பொண்ணு ரூம் கீழ் டிராக்குக்கு உள்பக்கம் உயரமா ஒரு பட்டி அடிச்சுக் குடுத்தாரு, அது எவ்வளவு தாங்கும்னு அடுத்த ஜூன்லதான் தெரியும். ஜிஎஸ்டியையும் கட்டி பக்கா பில் வாங்கினேன். "இப்ப எதுக்கு இருபத்தெட்டாயிரம்?"னு தங்கமணி கேட்டாங்க. சரியா பதில் சொல்லத் தெரியலை. ஆஜி வீட்டுச் சுவத்துக்கும் நானே பெயின்ட் அடிச்சுக் குடுத்தேன்.

மறு ஞாயித்துக்கிழமை பாத்ரூம்லேர்ந்து ஹோஸ் பைப் இழுத்து ஜன்னலுக்கு வெளியே தண்ணி அடிச்சோம். மச்சான் சொன்னபடி முதல்ல கீழ் விளிம்பு, பத்து நிமிஷம் கழிச்சு பக்கவாட்டு, கடைசில மேல. ஒரேயடியா மேலேர்ந்து அடிச்சா எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. உள்ள பொண்ணு டிஷ்யூ பேப்பரை வச்சு ஒத்திப் பார்த்துக்கிட்டே வந்தா. பேப்பர் காஞ்சே இருந்துச்சு.

புதுசா ஃபிளாட் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் நானா ஆள் வச்சு மாட்டினதால இந்தப் பாடு. பில்டர் மாட்டிக் குடுத்த ஜன்னல்னா 2016 ரெரா சட்டத்துல 14-வது பிரிவு இருக்கு. வீட்டைக் கையில வாங்கின நாள்லேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள வேலைப்பாட்டுல குறை தெரிஞ்சா, நீங்க சொன்ன 30 நாள்ல பைசா வாங்காம சரி பண்ணிக் குடுக்கணும். எழுத்துல குடுங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு வந்தா அது கணக்கில்லை. என்னை மாதிரி தனியா மாட்டறவங்க பத்து பர்சென்டாவது ஒரு மழை பார்க்கற வரைக்கும் கையில வச்சுக்கோங்க. அதை முதல்லயே தாள்ல எழுதிடுங்க, மாட்டி முடிச்சப்புறம் சொன்னா சண்டைதான் வரும். அந்தப் பத்து பர்சென்டையும் ரொக்கமா குடுக்காதீங்க.

அம்மா கட்டில் மறுபடி ஜன்னலோரம் போயாச்சு. மாத்திரை டப்பா, கோலப்புத்தகம் எல்லாம் திட்டுக்கு ஏறிடுச்சு. வேட்டியை மட்டும் துவைச்சு மடிச்சு கட்டிலுக்கு அடியில வச்சிருக்காங்க, எடுத்துப் போடலாம்னா, "இருக்கட்டும்"ங்கிறாங்க. தங்கமணி இப்ப சமையலறையில இருக்கிற பழைய அலுமினிய ஜன்னலையும் மாத்தணும்னு ஆரம்பிச்சிருக்காங்க. நான் இன்னும் கொட்டேஷன் கேக்கலை. முதல்ல ஒரு ரசமட்டம் வாங்கி வச்சிருக்கேன்.